வெளியாட்கள் ஏழு பேர்

படப்பை
7.9.2025

அன்புள்ள தம்பி ஸ்ரீதருக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். ஏற்காட்டுக் குளிரில் நீயும் தேன்மொழியும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தைக்குச் சளி விட்டதா?

போன் இருக்கும்போது அக்கா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் பிடித்தால் இரண்டாவது நிமிடத்தில் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வந்ததே இல்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, மனசும் வருத்தப்படாது.

விஷயம் என் முட்டி. பத்தொன்பது வருடமாகக் கார் கதவில் மாட்டுகிற ரப்பர் பட்டையை நின்றுகொண்டே சோதித்துச் சோதித்து, கண் நன்றாக இருக்கிறது, முட்டி போய்விட்டது. கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன். இ.எஸ்.ஐ. டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். தெனமும் மார்பளவு தண்ணியில நடங்க. தண்ணிக்குள்ள முட்டி மேல பாரம் விழாது" என்றார்.

எங்கள் கம்பெனி இருக்கிற வல்லம் வடகாலில் நூறு ஃபேக்டரி இருக்கிறது, ஒரு நீச்சல்குளம் கிடையாது. விசாரித்ததில், ஒரகடம் ரோட்டில் நீ வேலை செய்கிற குழுமத்தின் வெண்கொக்கு ரிசார்ட்டில் திங்கள் முதல் சனி வரை காலை ஆறிலிருந்து ஏழு மணிவரை வெளியிலிருந்து வருகிறவர்களையும் மாதக் கட்டணத்தில் விடுகிறார்களாம். எங்கள் லைனில் முட்டி போனவர்கள் ஏழு பேர் சேர்ந்துவிட்டோம். மாமா தன் ஷேர் ஆட்டோவில் ஐந்தே முக்காலுக்கு இறக்கிவிடுகிறார். குளித்துக் கிளம்பினால் எட்டரை மணி ஷிஃப்ட்டுக்குச் சரியாக இருக்கிறது.

முதல் நாள் கூத்தைக் கேள். நைலான் உடுப்புதான் போட வேண்டுமாம். கிளியம்மாள் துப்பட்டா இல்லாமல் இறங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். குளத்தைப் பார்த்துக்கொள்கிற நிலா என்ற பெண், "ஆன்ட்டி, அது தண்ணியில உங்களையே சுத்திக்கினு உள்ள இழுக்கும்" என்றதும்தான் கழற்றி வைத்தாள்.

உன் பெயரை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சிபாரிசில் வந்தவள் என்று ஆக வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஜோதி


ஏற்காடு
24.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தைக்குச் சளி சரியாகிவிட்டது, ஓடுகிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

போன் விஷயத்தில் நீ சொன்னது உண்மை. ஆகஸ்டிலிருந்து எனக்குப் பெரிய பொறுப்பு. எங்கள் நான்கு ரிசார்ட்டுகளுக்கும் பண்டிகைக்கால ஏற்பாடு முழுவதும் என் தலையில். போன வருடம் கிறிஸ்துமஸ் அன்று இங்கே பட்ட பாடு மறக்கவில்லை. தங்கியிருந்தவர்கள் இருநூறு பேர், பகலில் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் நானூறு பேர். ஒரு பையன் குளத்தில் தள்ளப்பட்டு மண்டை உடைந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்யாணமாகி ஐம்பதாவது வருடம் என்று மனைவியை அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார இடம் இல்லை. "தம்பி, ரூம் எடுத்துத் தங்கினது நாங்கதானே?" என்று அவர் கேட்டார். இந்த வருடம் அப்படி நடக்க விடமாட்டேன்.

முட்டியைக் கவனி. தண்ணீரில் ஜாக்கிரதை.

அன்புத் தம்பி,
ஸ்ரீதர்


படப்பை
12.10.2025

அன்புள்ள ஸ்ரீதருக்கு,

எல்லாரும் சௌக்கியமா? இங்கே மழை தொடங்கிவிட்டது. மாமாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது ஆட்டோ எடுக்கிறார்.

நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் ஏறினேன். டிரைவர் பிச்சையா அண்ணன் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, காலு மாத்திக்கினியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

நிலா நல்ல பெண். எங்களை முன்னால் நடக்கவைத்து, பின்னால் நடக்கவைத்து, இப்போது மிதக்கவும் கற்றுக்கொடுக்கிறாள். கோவிந்தம்மாவுக்கு ஐம்பத்தி நாலு வயது. மல்லாக்க மிதந்துகொண்டு, "மேல பார்த்துக்கினு கீறேன், வானம் இவ்ளோ பெருசா கீதா!" என்கிறாள்.

ஒரு கவலையும் உண்டு. ஜனவரி 21ஆம் தேதி கம்பெனியில் மெடிக்கல். எட்டு மணி நேரம் நிற்க முடியாதவர்களை லைனிலிருந்து எடுத்துக் கான்ட்ராக்டில் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. பத்தொன்பது வருட நிரந்தர வேலை போய்விடும். டாக்டரம்மா சொல்கிறார், விடாமல் செய்தால் ஜனவரிக்குள் முட்டி தாங்குமாம். விடாமல் செய்தால்.

ஏற்பாடெல்லாம் எப்படிப் போகிறது? எழுது.

அக்கா,
ஜோதி


படப்பை
16.11.2025

அன்புள்ள ஸ்ரீதருக்கு,

நலம்தானே? தீபாவளிக்கும் உன் கடிதம் வரவில்லை, வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வெண்கொக்கு வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். டிசம்பர் 20 முதல் ஜனவரி 18 வரை தங்கும் விருந்தினர்களுக்கு மட்டுமே அனுமதியாம். வெளியாட்கள் எந்த நேரத்திலும் உள்ளே வரக்கூடாதாம். முப்பது நாள். அது முடிந்து மூன்றாம் நாள் எங்களுக்கு மெடிக்கல்.

போன மாதம் கிளியம்மாள் அவள் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் போய்வந்தாள். அந்த ஒரு வாரத்தில் முட்டி பழையபடி வீங்கிவிட்டது. முப்பது நாளுக்கு என்ன ஆகும்?

இந்த மாதிரி விதியெல்லாம் யார் எழுதுகிறார்கள்? நீ உள்ளே இருப்பவன். உனக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லிப் பார். எனக்காக என்று சொல்லாதே, ஏழு பேருக்காக என்று சொல்.

அக்கா,
ஜோதி


ஏற்காடு
27.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய விரும்புகிறேன்.

இது தலைமை அலுவலகத்தில் எடுத்த முடிவு. ஒரு இடத்தில் தளர்த்தினால் நான்கு இடத்திலும் கேட்பார்கள். உனக்கு வேண்டுமானால் ஜனவரி முதல் வாரத்தில் அங்கேயே இரண்டு நாள் அறை போட்டுத் தருகிறேன். விருந்தினராகவே போய் வரலாம். மாமாவையும் அழைத்துப் போ.

வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ஸ்ரீதர்


படப்பை
1.12.2025

அன்புள்ள ஸ்ரீதருக்கு,

எல்லாரும் நலம். அறைக்கு நன்றி, வேண்டாம். நான் மட்டும் விருந்தினராகி மற்ற ஆறு பேரை வாசலில் நிறுத்திவிட்டுக் குளத்தில் நடக்க எனக்குக் கால் வராது.

சனிக்கிழமை ஏழு பேரும் மேனேஜர் வெங்கடேசன் சாரைப் பார்த்தோம். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். "நூத்திப் பத்து ரூமும் ஃபுல்லும்மா. ஒரு மாசம் பொறுத்துக்கக் கூடாதா?" என்றார்.

கோவிந்தம்மா சொன்னாள், "நாங்க லீவு உட்டா முட்டியும் லீவு உட்டுடுது சார். திரும்பி வேலைக்கே வரமாட்டேங்குது."

"கெஸ்ட்டுங்க கோச்சுப்பாங்கம்மா. அவங்களுக்கு எடம் வேணாமா?"

"ஆறு மணிக்கு எந்த கெஸ்ட் சார் வராங்க?" என்று நான் கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நிலா போய்த் துண்டு ரிஜிஸ்டரை எடுத்துவந்துவிட்டாள். குளத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் துண்டு கொடுத்து நேரம் எழுதுவார்கள். போன சீசனின் முப்பது நாள் பக்கங்களையும் பார்த்தோம். முதல் துண்டு ஏழு நாற்பதுக்கு முன்னால் போனதே இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் ஆறே முக்காலுக்கு ஒன்று.

வெங்கடேசன் சார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா இது மேலருந்து வந்த சர்க்குலர். என் கையில இல்ல" என்றார்.

நிலாவின் அறையில் அந்த சர்க்குலர் மாட்டியிருக்கிறது. நின்று முழுவதும் படித்தேன். நல்ல தமிழ், ஒரு பிழை இல்லை. 'வெளியாட்கள்' என்ற சொல் மட்டும் நான்கு இடத்தில் வருகிறது. கடைசியில் 'தயாரித்தவர்' என்று போட்டுப் பெயர் இருந்தது. அதையும் படித்தேன். கூட இருந்தவர்களுக்கு அது யார் என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

ஜோதி


ஏற்காடு
6.12.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். தேன்மொழியும் படித்தாள். "இதுக்கு நீங்க போன்ல பதில் சொல்லாதீங்க, எழுதுங்க" என்றாள்.

அந்தப் பெயர் என்னுடையதுதான். விதியை எழுதியது நான்தான். அக்டோபரில் உன் கடிதம் வந்தபோது அது பாதி எழுதியபடி என் மேஜையில் கிடந்தது. அதனால்தான் பதில் போடவில்லை, வேலையினால் இல்லை. போன வருடம் கிறிஸ்துமஸ் மதியத்தை மனதில் வைத்து எழுதினேன். காலை ஆறு மணியை நினைக்கவே இல்லை. உன் கடிதம் நினைவூட்டிய பிறகும் மாற்றவில்லை. அக்காவுக்காக மாற்றினான் என்று பேசுவார்களே என்ற பயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கா என்ன செய்கிறார் என்று இங்கே யாராவது கேட்டால், "கார் கம்பெனியில இருக்காங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஏதோ ஆபீசில் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை. என்னை ஹோட்டல் படிப்புப் படிக்க வைத்தது அந்த லைனில் நீ நின்ற சம்பளம் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பதினைந்தாம் தேதி வெண்கொக்கில் கூட்டம். எங்கள் குழுமத்தின் தலைவர் சங்கரநாராயணன் சார் வருகிறார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுது, அக்கா. விரைவுத் தபாலில் அனுப்பு.

ஸ்ரீதர்


படப்பை
9.12.2025

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். "இன்னா ஜோதி, கொழம்புல உப்பு ரெண்டு தபா போட்டுக்கீற" என்று மாமா கேட்கிற அளவுக்கு இருந்தது. கடிதம் வந்த அன்று அழுதேன். பிறகு சரியாகிவிட்டது.

இப்போது வேலையைப் பார்ப்போம். கட்டுப்பாடே கூடாது என்று நீ பேசாதே. அந்த ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. காசு கொடுத்துத் தங்க வந்தவர் மனைவிக்கு நாற்காலி இல்லை என்றால் அது எப்படி? எங்கள் லைனிலும் பெல்ட்டில் அளவுக்கு மேல் சரக்கு வந்தால் நிறுத்துவோம். ஆனால் எந்த நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்துவோம். பெல்ட் காலியாக ஓடும்போது யாரும் கேட்டைப் பூட்டுவதில்லை.

காலை ஆறிலிருந்து ஏழேகால் வரை, பெயர் பதிந்த இருபது பேர். பக்கவாட்டு வாசலில் வந்து பக்கவாட்டு வாசலில் போகிறோம். சாப்பாட்டுக்கூடத்துப் பக்கமே வரமாட்டோம். விருந்தினர் யாராவது அந்த நேரத்தில் நீந்த வந்தால் பாதிக் குளத்தை விட்டுத்தருகிறோம். பகலில் வருகிற கூட்டத்துக்கு நீ எந்த அளவு வைத்தாலும் சரி. இதைச் சொல். கூட்டத்துக்கு முன்னால் அவரை ஆறு மணிக்கு ஒரு தடவை குளத்தைப் பார்க்கச் சொல். மற்றதை அவர் கண்ணே சொல்லும்.

வயிற்றைக் காயப்போடாமல் சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா,
ஜோதி


ஏற்காடு
17.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெங்கடேசன் சார் உங்களிடம் முடிவைச் சொல்லியிருப்பார். நடந்ததை நான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அங்கேதான் இருந்தேன். இரண்டாவது மாடி வராந்தாவில், சங்கரநாராயணன் சார் பக்கத்தில். நீ கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கித் தண்ணீருக்குள் போனதைப் பார்த்தேன்.

"இவங்கல்லாம் எந்த ரூம்?" என்று கேட்டார்.

"ரூம் இல்ல சார். நான் சர்க்குலர்ல வெளியாட்கள்னு எழுதினது இவங்களைத்தான்."

"ஏழே பேரா?"

"ஏழே பேர்தான் சார்."

ஏழு மணிவரை நின்றார். விருந்தினர் ஒருவரும் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டத்தில் நீ எழுதியதை அப்படியே சொன்னேன். மகாபலிபுரம் மேனேஜர் பிடித்துக்கொண்டார். "போன வருஷக் கூட்டத்தால பட்ட கஷ்டத்தை எழுதினதே நீங்கதானே?"

"நான்தான். மதியத்தைப் பார்த்து எழுதினேன். காலையைப் பார்க்காம எழுதினது என் தப்பு."

சங்கரநாராயணன் சார் என்னையே பார்த்தார். "ஸ்ரீதர், இதுல உங்க சொந்தக்காரங்க யாராவது உண்டா?"

"உண்டு சார். நீலச் சட்டை போட்டு முன்னால நடந்தவங்க எங்க அக்கா. வல்லம் வடகால்ல ரப்பர் கம்பெனி லைன்ல பத்தொன்பது வருஷமா நிக்கறாங்க. என்னைப் படிக்க வெச்சது அவங்கதான்" என்றேன்.

"அப்ப இதுல நீங்க முடிவு சொல்லக் கூடாது. மத்தவங்க சொல்லட்டும்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது வெங்கடேசன் சார் எழுந்து துண்டு ரிஜிஸ்டரை மேஜைமேல் விரித்தார். "சார், நான் முடிவு சொல்றேன். எனக்கு இவங்க யாரும் சொந்தம் இல்ல" என்றார். மூன்று மேனேஜர்கள் கை தூக்கினார்கள். மகாபலிபுரம் மட்டும் தூக்கவில்லை.

காலை ஆறு முதல் ஏழேகால் வரை இருபது பேர், சீசனிலும் உண்டு. பகலில் வெளியிலிருந்து நாற்பது பேருக்கு மேல் இல்லை. நான்கு ரிசார்ட்டுக்கும் இதே விதி. புது சர்க்குலரையும் நான்தான் எழுதினேன். 'காலை நேர உறுப்பினர்கள்' என்று எழுதியிருக்கிறேன்.

தம்பி,
ஸ்ரீதர்


படப்பை
29.12.2025

அன்புள்ள தம்பிக்கு,

மூவரும் நலம்தானே? கிளியம்மாள் கிறிஸ்துமஸ் கேக் உனக்கென்று எடுத்துவைத்தாள். தபாலில் வைக்க முடியாது, அதனால் மாமா சாப்பிட்டுவிட்டார்.

இருபது இடமும் நிரம்பிவிட்டது. சுங்குவார்சத்திரத்திலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள் ஐந்து பேர் வருகிறார்கள். அவர்களுக்கு முட்டி இல்லை, முதுகு.

சனிக்கிழமை ஒரு விருந்தினர் புகார் கொடுத்திருக்கிறார், காலையில் சிரிப்புச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று. நியாயம்தான். இப்போது கோவிந்தம்மாவை யாரும் பேசவிடுவதில்லை. அன்றைக்கே இன்னொரு அறையிலிருந்து கோயம்புத்தூர் அம்மா ஒருவர் கைத்தடியோடு இறங்கிவந்து, "நானும் உங்ககூட நடக்கலாமுங்களா?" என்றார். இன்று அவரோடு இன்னும் இரண்டு பேர். பாதிக் குளத்தை விட்டுத்தருகிறோம் என்றால், வேண்டாம், எங்களோடேயே வருகிறார்களாம்.

மகாபலிபுரத்தாரிடம் சொல்.

அக்கா,
ஜோதி


படப்பை
25.1.2026

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். மாமா இன்றைக்கு ஆட்டோ எடுக்கவில்லை, கறி வாங்கப் போயிருக்கிறார்.

புதன்கிழமை மெடிக்கல் நடந்தது. படி ஏறி இறங்கச் சொன்னார்கள், உட்கார்ந்து எழச் சொன்னார்கள், முட்டியை அழுத்திப் பார்த்தார்கள். கம்பெனி டாக்டர் என் பழைய எக்ஸ்ரேயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க படம்தானா?" என்றார். "படம் என்னுதுதான் சார், முட்டிதான் மாறிடுச்சு" என்றேன். ஏழு பேரில் ஆறு பேர் தேறிவிட்டோம். நிரந்தர வேலை நிரந்தரமாகவே இருக்கிறது.

கோவிந்தம்மாவுக்கு மட்டும் ஒரு முட்டி சரியாகவில்லை. ஆனால் டாக்டர், நன்றாகத் தேறி வருகிறது, உட்கார்ந்து செய்யும் வேலை கொடுங்கள் என்று எழுதிவிட்டார். சின்ன உதிரிப் பாகம் பிரிக்கிற மேஜையில் போட்டிருக்கிறார்கள், கான்ட்ராக்ட் இல்லை. இருபத்தி இரண்டு வருடத்தில் முதல் தடவை அவளுக்கு நாற்காலி. சுழலுகிற நாற்காலி. சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பார்த்தோம். "இன்னாடி பாக்குறீங்க, மேனேஜர் கணக்கா கீறேன் இல்ல?" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

நேற்றுக் காலை நிலா என்னிடம், "ஆன்ட்டி, இன்னிக்கு ஆழமான பக்கம் வரீங்களா?" என்றாள். ஏழடி ஆழம். இத்தனை நாள் அந்தக் கயிற்றைத் தாண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. கயிற்றைத் தூக்கினாள். கையை வீசினேன். முதலில் மூக்கில் தண்ணீர் ஏறிற்று, பயந்து காலைக் கீழே தேடினேன், தரை இல்லை. நிலா பக்கத்திலேயே வந்தாள், தொடவில்லை. "வீசுங்க ஆன்ட்டி, வீசுங்க!" என்றாள். வீசினேன். முட்டி வலிக்கவில்லை. எனக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. எதிர்ச் சுவரைக் கை தொட்டபோது பத்தொன்பது பேரும் கை தட்டினார்கள். புகார் வந்தால் வரட்டும் என்று நிலாவும் தட்டினாள்.

திரும்பி வரும்போது நடுக்குளத்தில் இருந்தேன். கரையிலிருந்து கிளியம்மாள் பதறிப்போய்க் கத்தினாள், "ஜோதி! கால எங்கடி வெச்சிருக்கே?"

"எங்கயும் வெக்கலடி!" என்று கத்தினேன்.

தேன்மொழிக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

உன் அக்கா,
ஜோதி